நெய்வேலி அலைவரிசையில் என்ன பாடும்?

நெய்வேலிக்குத் தனியார் பண்பலை வரப்போகிறது என்ற செய்தி எனக்குத் தந்த பரபரப்பை ஊரில் இருப்பவர்கள் யாருக்கும் தரவில்லை. 2024 ஆகஸ்ட் 28 அன்று மத்திய அமைச்சரவை 234 புதிய நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் கொடுத்தது. தமிழ்நாட்டுப் பட்டியலில் திண்டுக்கல், கரூர், தஞ்சாவூர், திருவண்ணாமலையோடு நெய்வேலியும் இருந்தது. நெய்வேலியில் ஒலிபரப்பினால் எங்கள் ஊர் காடாம்புலியூருக்குக் கேட்காமல் போகாது. சித்தப்பா மகனிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். "வரட்டும்ணே. பாண்டியிலேருந்து வர்ற அதே பாட்டு இனிமே நெய்வேலியிலேருந்தும் வரும், அவ்ளோதான்" என்றான். அவன் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. எனக்குக் கோபம் வந்ததே அதனால்தான்.

நான் இப்போது வாழும் இங்கிலாந்தில் குடியேறியவர்கள் இந்த நாட்டின் வரிசை ஒழுங்கு, நூலகம், இலவச மருத்துவம் பற்றியெல்லாம் போதுமான அளவு எழுதிவிட்டார்கள். நான் இங்கே கண்டு வியந்தது வேறு. ஒரு வணிக வானொலி தன் பாட்டை மாற்றிக்கொள்ள வேண்டுமானால், கேட்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும் என்று இந்த நாடு சட்டமே போட்டு வைத்திருந்தது.

அதன் நடைமுறை இப்படி இருந்தது. ஒவ்வொரு நிலையத்தின் உரிமத்திலும் அது என்ன மாதிரி நிலையம் என்று சில வரிகளில் எழுதியிருக்கும். அறுபது, எழுபதுகளின் பழைய பாட்டா, நடன இசையா, ஜாஸா, நடுவயதுக்காரர்களுக்கா, தெற்காசியக் குடும்பங்களுக்கா என்பது அந்த வரிகளில் தெரிந்துவிடும். முதலாளிக்கு வேறு இசையில் லாபம் தெரிந்தால் மறுநாளே மாறிவிட முடியாது. ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை ஆணையத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஆணையம் எவற்றைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பதை 1990ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டம் 106ஆம் பிரிவில் வரையறுத்திருந்தது. நிலையத்தின் குணம் பெரிதாக மாறாமல் இருக்குமா, அந்த வட்டாரத்தில் கேட்கக் கிடைக்கும் நிகழ்ச்சி வகைகள் குறுகாமல் இருக்குமா, மாற்றத்தை மக்கள் கணிசமாக விரும்புகிறார்கள் என்பதற்குச் சான்று உண்டா என்பவை அவற்றில் முக்கியமானவை. குணம் பெரிதாக மாறும் என்று தெரிந்தால் விண்ணப்பத்தைப் பொதுவில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும். பென்ஷன் வாங்குகிறவரும் எழுதலாம், பேருந்து ஓட்டுகிறவரும் எழுதலாம், என்னைப் போல் வந்து குடியேறியவரும் எழுதலாம்.

"வட்டாரத்தில் கிடைக்கும் வகைகள் குறுகாமல்" என்ற நிபந்தனையை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கடலூர் மாவட்டம்தான் கண்முன் வந்தது. காற்று வெளியின் அலைவரிசை பொதுச் சொத்து. அதை வாடகைக்கு எடுத்தவர் மொத்த வட்டாரத்தின் காதையும் ஒரே சுவைக்குப் பழக்கிவிடக் கூடாது என்று ஒரு சட்டம் நினைத்திருக்கிறது. குடிநீரையும் சாலையையும் பற்றிக் கவலைப்படும் அரசுகளை நான் அறிவேன். ஜனங்களுக்கு எத்தனை வகைப் பாட்டு கேட்கக் கிடைக்கிறது என்று கவலைப்பட்ட சட்டத்தை இங்கேதான் கண்டேன்.

மக்கள் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடக்கும் பிபிசியும் நேயர்களை மீற முடியவில்லை. 2010 மார்ச்சில் சிக்ஸ் மியூசிக் நிலையத்தையும் ஏஷியன் நெட்வொர்க்கையும் மூடப்போவதாக பிபிசி அறிவித்தது. சிக்ஸ் மியூசிக் பெருங்கூட்டம் கேட்கும் நிலையம் அல்ல. மற்றவர்கள் தொடாத இசையைத் தேடிப் போடும் நிலையம். நேயர்கள் கடிதம் எழுதினார்கள், பிபிசி அலுவலக வாசலில் கூடினார்கள், இசைக் கலைஞர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஜூலையில் பிபிசியின் அன்றைய மேற்பார்வை அமைப்பான பிபிசி டிரஸ்ட் அந்தத் திட்டத்தை நிராகரித்தது. நிலையம் இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது. ஏஷியன் நெட்வொர்க்கும் பிறகு செலவுக் குறைப்போடு தப்பித்தது. கட்டணம் கட்டுகிறவருக்குக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிகிறது. நம் ஊரிலும் ஒரு காலத்தில் தபால் ஆபீஸில் பணம் கட்டி ரேடியோ லைசென்ஸ் வாங்கியவர்கள் நாம்தானே. அந்தப் பணத்துக்கு இன்ன பாட்டு வேண்டும் என்று கேட்கலாம் என யாராவது நமக்குச் சொன்னார்களா?

இவ்வளவு புகழ்ந்தாலும் இந்த நாட்டை முழுக்கத் தூக்கிப் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை. தான் கட்டியதை இது தன் கையாலேயே இடித்துக்கொண்டிருக்கிறது. 2020 செப்டம்பரில் பாவர் (Bauer) என்ற ஊடக நிறுவனம் தான் வாங்கிய பல டஜன் ஊர் நிலையங்களின் பெயரை எடுத்துவிட்டு, நாடு முழுவதற்கும் ஒரே பெயரில் பழைய வெற்றிப் பாடல்களைப் போட ஆரம்பித்தது. பிபிசியும் தன் உள்ளூர் நிலையங்களின் பிற்பகல் நிகழ்ச்சிகளில் பலவற்றைப் பொதுவாக்கிவிட்டது. அதை எதிர்த்து 2023இல் அதன் செய்தியாளர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள். கடைசியாக 2024 மே மாதம் நிறைவேறிய ஊடகச் சட்டம், வணிக வானொலிகள் என்ன இசை போட வேண்டும் என்ற கட்டுப்பாட்டை நீக்க வழி செய்துவிட்டது. உள்ளூர்ச் செய்தி மட்டும் இருந்தாக வேண்டும் என்றது.

செய்தி கட்டாயம், பாட்டு உங்கள் இஷ்டம் என்கிறது பிரிட்டன். இந்தியாவில் பாட்டு உங்கள் இஷ்டம், செய்திக்கோ தடை. நம் தனியார் பண்பலை சொந்தமாக நிருபர் வைத்துச் செய்தி சொல்லக் கூடாது. ஆல் இந்தியா ரேடியோவின் செய்தியறிக்கையை மாற்றாமல் அப்படியே போடலாம் என்று 2011ஆம் ஆண்டு விதிகள் அனுமதித்தன. வானிலையும் போக்குவரத்தும், பேரிடர் காலத்தில் நிர்வாகம் தரும் தகவலும் சொல்லலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்கள் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. விழுந்த மரத்துக்கு நிவாரணம் யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, புதுக் கன்று காய்க்கும்வரை குடும்பம் எதில் பிழைத்தது என்று பண்ருட்டி வட்டாரத்தின் குரலில் மாதக்கணக்கில் பேசியிருக்க வேண்டிய வானொலி நமக்கு அன்றும் இல்லை. நாளை வரப்போகும் நெய்வேலி நிலையத்தாலும் இந்த விதிகள் மாறாதவரை பேச முடியாது.

சரி, பாட்டுக்கு வருவோம். "நம்ம ஜனங்களுக்கு எதைப் போட்டாலும் கேட்டுக்குவாங்க" என்று இங்கே பழகும் தமிழ் நண்பர்கள் சிலர் சொல்லும்போது என்னால் சும்மா இருக்க முடிவதில்லை. எதைப் போட்டாலும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அல்ல நம் மக்கள். 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று கருதி, ஆல் இந்தியா ரேடியோவில் அதை ஏறக்குறைய ஒழித்துக் கட்டினார். சாஸ்திரிய இசை கேட்டு நாடு திருந்த வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒரு நாட்டின் வானொலி மொத்தமும் ஒரே அமைச்சரின் எண்ணத்தால் தன் இசையை மாற்றிக்கொண்டதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் எனக்குத் தெரியாது.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? குமிழைத் திருப்பினார்கள், இலங்கை வந்தது. இரண்டாம் உலகப் போரில் நேசநாட்டுப் படைகளுக்காக நிறுவிய சிற்றலை ஒலிபரப்பிக் கருவி கொழும்புக்குக் கிடைத்திருந்தது. அதன் வீச்சில் ரேடியோ சிலோன் வடக்கே இந்திப் பாட்டையும், நம் பக்கம் தமிழ்ப் பாட்டையும் கொண்டுவந்து கொட்டியது. கடலூர்க் கரையிலிருந்து உள்ளே பண்ருட்டி, வடலூர் வரை டீக்கடைகளில் இலங்கை வானொலிதான். எஸ். பி. மயில்வாகனனின் குரலில் மயங்கியவர்கள் எங்கள் அப்பா தலைமுறை. கே. எஸ். ராஜாவும், ராஜேஸ்வரி சண்முகமும், பி. எச். அப்துல் ஹமீதும் எங்கள் வீட்டு மனிதர்களாகவே இருந்தார்கள். காலையில் பொங்கும் பூம்புனல் கேட்டுத்தான் பலருக்குப் பொழுது விடியும். பிறந்தநாள் வாழ்த்துக்கும் விருப்பப் பாடலுக்கும் கடல் தாண்டிக் கடிதம் போட்டவர்கள், புதுச்சேரியைத் தாண்டிப் போகாதவர்கள். அவர்களுக்கு ஆஃப்காமும் இல்லை, 106ஆம் பிரிவும் இல்லை. ஆனாலும் 1957 அக்டோபர் 3 அன்று டில்லி இறங்கி வந்து, சினிமாப் பாட்டுக்கென்றே விவித பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. அமைச்சர் அப்போதும் கேஸ்கர்தான்.

இந்த வெற்றிக்கு முன்பே இன்னொரு சண்டை சிதம்பரத்தில் தொடங்கியிருந்தது. 1941 ஆகஸ்டில் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று நடத்திய அந்த இயக்கம், தமிழ்நாட்டுக் கச்சேரி மேடையிலும் வானொலியிலும் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் கேட்டது. சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும்தான் பிறந்திருந்தன. அவை நடை பழகும்போதே என்ன பாட வேண்டும் என்று எங்கள் மாவட்டம் கேட்டுவிட்டது. வானொலியின் இசை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை நான் இங்கிலாந்தில் வந்து கற்றுக்கொண்டதாகச் சொன்னால் அது சிதம்பரத்துக்குச் செய்யும் துரோகம்.

அப்படியிருந்தும் இன்று சித்தப்பா மகனிடம் ஏன் அந்த அலுப்பு? குமிழைத் திருப்பினால் வேறு ஒன்று வரும் என்ற நிலை போய்விட்டது. ஏலத்தில் அதிக விலை கேட்டவருக்கு அலைவரிசை. அந்த விலையை விளம்பரத்தில் திரும்ப எடுக்க வேண்டும். எல்லாரும் ஒரே வாடிக்கையாளரைத் துரத்துவதால் எல்லா நிலையத்திலும் அதே சில நூறு சினிமாப் பாட்டு. சினிமாப் பாட்டின் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. கேஸ்கரை எதிர்த்தவர்களின் பிள்ளை நான். அன்று ஒரு அமைச்சர் ஒரே வகையை நம்மேல் திணித்தார், இன்று சந்தை திணிக்கிறது. இலங்கைக்குப் பதில் செல்போன் இருக்கிறதே என்பார்கள். செல்போனில் அவரவர் பாட்டு அவரவர் காதுக்கு மட்டும். களத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்கள் சேர்ந்து கேட்கவும், கேட்டதைப் பற்றிச் சண்டை போடவும் அதில் வழியில்லை.

நெய்வேலியைச் சுற்றி என்ன இல்லை? வடலூர் சத்திய ஞான சபையில் அருட்பா பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்பர் தம் முதல் பதிகத்தைப் பாடிய திருவதிகை பண்ருட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முத்துத்தாண்டவரும் கோபாலகிருஷ்ண பாரதியும் தில்லையைப் பாடினார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைக்கென்றே துறை இருக்கிறது. விடிய விடியத் தெருக்கூத்து ஆடும் குழுக்கள், பறையும் பம்பையும் வாசிப்பவர்கள், நடவுப் பாட்டு தெரிந்த பாட்டிகள் இருக்கிறார்கள். மேடை கிடைத்தால் பாட இத்தனை பேர் காத்திருக்கும் ஒரு வட்டாரத்தை நான் இங்கிலாந்தில் பார்த்ததில்லை.

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வானொலி பற்றிக் கலந்தாய்வு அறிக்கை வெளியிடும்போதெல்லாம் பொதுமக்களிடமும் கருத்துக் கேட்கிறது. இந்த வாசல் நம் நாட்டிலும் திறந்துதான் இருக்கிறது. அதற்குள் நிறுவனங்கள் நுழைகிற அளவுக்கு நேயர்கள் நுழைவதில்லை. தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் டிராய்க்கும் என் கடிதத்தை எழுதி முடித்துவிட்டேன். புதிய நகரங்களின் உரிமத்தில் நிலையத்தின் குணத்தை எழுதி வைக்க வேண்டும், பகல் ஒலிபரப்பில் நாலில் ஒரு பங்கு அந்த மாவட்டத்துக் கலைஞர்களுக்குக் கொடுத்து அவர்களுக்குச் சம்பளமும் தர வேண்டும், பாட்டின் வகையை மாற்றுவதற்கு முன் மூன்று மாதம் அறிவித்து ஊராரிடம் கேட்க வேண்டும், உள்ளூர்ச் செய்திக்கான தடையை எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். தமிழில் எழுதிய ஒரு படியைச் சித்தப்பா மகனுக்கும் அனுப்பியிருக்கிறேன், பண்ருட்டியிலும் வடலூரிலும் கையெழுத்து வாங்கித் தரச் சொல்லி.