தான்றிக்காயும் தாயத்தும்

மனிதன் தன் அறிவால் அளக்க முடியாத இடங்களில் எல்லாம் அச்சமும் ஆசையும் வந்து குடிபுகுகின்றன. கடலோடிக்குப் புயல், உழவனுக்கு மழை, நோயாளிக்கு நாளைய பொழுது என்று அவரவர்க்கு அளவிட முடியாத ஒன்று உண்டு. அத்தகைய இடங்களில் மனிதன் பாதுகாவல் தேடுவது இயல்பே. ‘தஅவீத்’ என்னும் அரபுச் சொல்லே பாதுகாவல் தேடுதல் என்ற பொருளில் பிறந்ததுதான். ஆனால் சூதாடுபவன் தேடுவது பாதுகாவல் அன்று. தானே விரும்பிச் சென்று அமர்ந்த இடத்தில், தானே விரும்பி வைத்த பணத்தின்மேல், பிறர் பொருள் தன்னை வந்தடைய வேண்டும் என்பதற்காக அவன் தாயத்துக் கட்டிக்கொள்கிறான். இடர் நீங்கக் கட்டிய கயிறு, இடரை நாடிச் செல்வதற்கு உரிய கயிறாக மாறிய வரலாற்றை நாம் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். ஏனெனில் அக்கயிறு இன்றும் அறுந்துவிடவில்லை.

தமிழ்நாட்டில் 1968ஆம் ஆண்டில் அரசுப் பரிசுச்சீட்டு தொடங்கப்பெற்றது. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்பது அந்நாளைய முழக்கம். 2003ஆம் ஆண்டு சனவரியில் பரிசுச்சீட்டு தடை செய்யப்படும் வரை, எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் சீட்டுக் கட்டுகள் தோரணமாகத் தொங்கிய காட்சியை நான் நாள்தோறும் கண்டிருக்கிறேன். சீட்டு வாங்குவோரிடையே எழுதப்படாத சாத்திரம் ஒன்று இருந்தது. கனவில் பாம்பு வந்தால் ஓர் எண், பிணம் வந்தால் வேறோர் எண். காலையில் முதலில் கண்ணில் பட்ட வண்டியின் எண்ணுக்குத் தனிப் பொருள். விவரம் அறியாக் குழந்தையின் கையால் எடுத்த சீட்டுக்குத் தனி மதிப்பு. கிளி எடுத்துத் தந்த அட்டையைக் காட்டி எண் கேட்டவர்கள் உண்டு. மை போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. ‘நரி முகத்தில் விழித்தவன்’ என்று நற்பேறு உற்றவனைக் கூறும் நம் வழக்கை ஒட்டி, நரிக்கொம்பு என்ற ஒன்றும் தெருவோரங்களில் விற்கப்பட்டது. நரிக்குக் கொம்பு இல்லை என்பதை வாங்கியவரும் அறிவார்; விற்றவரும் அறிவார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நரிக்கும் காவல் தந்திருப்பதை மட்டும் இருவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

இதில் சமய வேறுபாடு ஏதும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கோயில் திருநீற்றை மடித்து வைத்துக்கொண்டவரும், தர்கா வாயிலில் ஓதி ஊதிய கறுப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டவரும் ஒரே கடையின் முன் ஒரே சீட்டுக்காக நின்றனர்.

எங்கள் தெருவில் சைக்கிளில் சென்று துணி வணிகம் செய்துவந்த பெரியவர் ஒருவர் இருந்தார். நேர்மையானவர், அளவில் ஒரு விரற்கடை குறைக்காதவர். அவர் புயத்தில் வெள்ளிக் கூடு ஒன்று கட்டியிருந்தார். சீட்டு வாங்கும் நாளில் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் துணைவியாரின் கருகமணியில் கோத்திருந்த பொன்மணிகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, இறுதியில் கறுப்பு மணிகள் மட்டுமே எஞ்சின. தெருவே அதைக் கண்டது. எவரும் வாய்திறந்து ஒன்றும் கூறவில்லை. அவர் மட்டும், “கூட்டின் ஓதல் பழையதாகிவிட்டது, புதிதாக எழுதி வாங்க வேண்டும்” என்று கூறிவந்தார். சீட்டின் மேல் அவருக்கு ஐயம் எழவே இல்லை. ஐயம் முழுவதையும் தாயத்து ஏற்றுக்கொண்டது. சூதாட்டத்தில் தாயத்து செய்யும் பணி இதுவே என்பதைப் பின்னாளில் உணர்ந்தேன். அது வெற்றியைத் தருவதில்லை. தோல்விக்குரிய காரணத்தை மாற்றிக் காட்டி, அடுத்த ஆட்டத்திற்கு அவனை அழைத்துச் செல்கிறது.

இது நம் காலத்தில் தோன்றிய நோய் அன்று. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டிலத்தில் 34ஆம் பாடல், மனைவியையும் மதிப்பையும் இழந்த சூதாடியின் புலம்பலாக அமைந்தது. அதர்வண வேதத்திலோ சூதில் வெற்றி வேண்டும் மந்திரங்கள் உள்ளன. புலம்பலும் மந்திரமும் ஒரே பண்பாட்டின் இரு ஏடுகளில் அடுத்தடுத்து இருப்பது எண்ணத்தக்கது. மந்திரம் பலித்திருந்தால் புலம்பலுக்கு இடம் ஏது? அக்காலத்தார் சூதுக்குப் பயன்படுத்தியது தான்றிக்காய். கடுக்காயோடும் நெல்லிக்காயோடும் சேர்த்துத் திரிபலை என்று இன்று நாம் மருந்தாக உண்ணும் அதே காய்தான். மக்களின் கற்பனை பின்னும் ஒரு படி சென்றது. சகுனியின் பகடைகள் அவன் தந்தையின் எலும்பால் ஆனவை. அவை அவன் சொற்படி உருண்டன என்று நாட்டுப்புறக் கதை கூறுகிறது. வியாசரின் நூலில் இச்செய்தி இல்லை. திறமையையும் வஞ்சனையையும் விட மந்திர எலும்பே மக்கள் மனத்தில் ஒட்டிக்கொண்டது.

வள்ளுவப் பெருந்தகை சூதுக்கென 94ஆம் அதிகாரத்தை ஒதுக்கினார். தோல்வியை மட்டும் அவர் கடியவில்லை; வெற்றியையே மீன் விழுங்கும் தூண்டிலோடு ஒப்பிட்டார். இன்று அறிஞர் கூடும் அவையையும் பல்கலைக்கழகத்தையும் குறிக்கும் ‘கழகம்’ என்ற சொல், அவ்வதிகாரத்தில் சூதாடும் இடத்தைக் குறித்து நிற்கிறது. கழகம் என்னும் சொல் சூதாடு களத்திலிருந்து கல்விக்கூடத்திற்கு உயர்ந்தது. நம் மாணவர் கல்விக்கூடத்திலிருந்து சூதாடு களத்திற்கு இறங்கிவிடலாகாது.

இனி அரபு நாட்டின் பக்கம் திரும்புவோம். அறியாமைக் காலத்து அரபியர் ஆடிய சூதுக்கு ‘மைஸிர்’ என்று பெயர். ஒட்டகம் ஒன்றை அறுத்துப் பங்கிடுவர். பத்து அம்புகளைப் பைக்குள் இட்டு உருவுவர். அவற்றுள் ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள் உண்டு. மூன்று அம்புகள் வெறுமையானவை. வெற்று அம்பு வாய்த்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்ற இறைச்சியை ஏழைகளுக்கு வழங்குவதைச் செல்வர் பெருமையாகக் கருதினர். அதே அரபியர் பயணம், மணம், வழக்கு ஆகியவற்றில் முடிவு காண ‘அஸ்லாம்’ என்னும் குறியம்புகளை எடுத்துப் பார்த்தனர். கஅபாவில் இருந்த ஹுபல் சிலையின் முன் அவ்வம்புகள் வைக்கப்பட்டிருந்தன. ஒருபுறம் பொருளுக்காக அம்பு. மறுபுறம் குறிக்காக அம்பு. இரண்டையும் உருவிய கை ஒன்றே.

திருக்குர்ஆன் அல்மாயிதா அத்தியாயத்தின் 90ஆம் வசனம், மதுவையும் சூதையும் பலிபீடங்களையும் குறியம்புகளையும் ஒரே தொடரில் வைத்து விலக்குகிறது. சூதும் குறியும் அருகருகே நிற்பதை நான் பலகாலம் எண்ணி வியந்ததுண்டு. உழைப்பாலும் அறிவாலும் அடைய வேண்டிய ஒன்றைக் குருட்டு வாய்ப்பிடம் ஒப்படைப்பது சூது. ஆய்ந்து துணிய வேண்டிய ஒன்றை அதே குருட்டு வாய்ப்பிடம் கேட்பது குறி. ஒன்று இருக்கும் வீட்டில் மற்றொன்றும் வந்து சேர்வதில் வியப்பில்லை. மேலும், அல்பகரா அத்தியாயத்தின் 219ஆம் வசனம், மதுவிலும் சூதிலும் மக்களுக்குச் சில பயன்கள் உண்டென்பதை மறைக்காமல் கூறி, அவற்றின் தீமையே பெரிது என்று தீர்ப்பளிக்கிறது. ஏழைக்கு இறைச்சி கிடைத்தது உண்மை; நாட்டுக்கு வருவாய் கிடைத்ததும் உண்மை. ஆனால் அந்த இறைச்சியும் வருவாயும் எவர் வீட்டு அடுப்பிலிருந்து எடுக்கப்பட்டன என்பதையும் சேர்த்து நிறுக்கச் சொல்கிறது இறைமறை. சூதாட வா என்று நண்பனை அழைத்தவன், அவ்வழைப்புக்காகவே தருமம் செய்யட்டும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்ததாக நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. ஆட்டத்திற்கு முன்பே, அழைப்பிலேயே, குற்றம் தொடங்கிவிடுகிறது.

அவ்வாறாயின், பலிக்காத தாயத்து ஏன் அழியவில்லை என்று வினவலாம். இதற்கு மறைபொருள் ஏதும் தேவையில்லை. எளிய கணக்கே போதும். ஒற்றை இலக்கச் சீட்டில் சுழியம் முதல் ஒன்பது வரை பத்து எண்களே உண்டு. எண் சொல்லும் ஒருவரிடம் நூறு பேர் வருவதாகக் கொள்வோம். பத்துப் பத்துப் பேருக்கு ஒவ்வோர் எண்ணாகப் பத்து எண்களையும் அவர் கூறிவிட்டால், பத்துப் பேர் வென்றே தீருவர். அந்தப் பத்துப் பேரும் ஊரெங்கும் அவர் புகழைப் பரப்புவர். தோற்ற தொண்ணூறு பேரோ, தம் தூய்மையில் குறை இருந்தது போலும் என்று நாணி வாய்மூடுவர். மத்திய அரசின் 1998ஆம் ஆண்டுப் பரிசுச்சீட்டு ஒழுங்குமுறைச் சட்டம் ஒற்றை இலக்கச் சீட்டை விலக்கியது. எண் சொல்லும் தொழிலை விலக்கும் ஆற்றல் அச்சட்டத்திற்கு இல்லை.

உளவியல் அறிஞர் ஸ்கின்னர் 1948இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கு நினைவுகூரத்தக்கது. பசித்த எட்டுப் புறாக்களைக் கூண்டுகளில் அடைத்து, அவை என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் உணவு கிடைக்குமாறு செய்தார். அவற்றுள் ஆறு புறாக்கள், உணவு வந்த வேளையில் தாம் தற்செயலாகச் செய்துகொண்டிருந்த செயலையே திரும்பத் திரும்பச் செய்யத் தொடங்கின. ஒன்று வட்டமிட்டது, ஒன்று கூண்டின் மூலையை நோக்கித் தலையை உயர்த்தியது. ஒருநாள் வென்றபோது அணிந்திருந்த சட்டையைத் துவைக்காமல் போட்டுக்கொள்பவனுக்கும் அப்புறாவுக்கும் வேறுபாடு மிகக் குறைவு.

பேருந்து நிலையத்துத் தோரணங்கள் மறைந்தபின் சூது செல்பேசிக்குள் புகுந்தது. 2024ஆம் ஆண்டில் மாணவர் ஒருவர் துறை அறைக்கு வந்து, மற்றவர் செல்லும்வரை காத்திருந்து, “ஐயா, தங்களுக்குத் தெரிந்த ஹஜ்ரத் யாரேனும் இருந்தால் ஒரு கயிறு ஓதி வாங்கித் தர இயலுமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். தேர்வுக்காக என எண்ணினேன். இணையத்துச் சீட்டாட்டத்தில் இழந்ததை மீட்பதற்காக என்பது பிறகே தெரிந்தது. தந்தை வளைகுடா நாட்டில் வெயிலில் நின்று ஈட்டி, மகளின் திருமணத்திற்கென அனுப்பிவந்த பணம் அது. அறிவுரை கூற எனக்கு மனம் வரவில்லை. வங்கிக் கணக்கைத் திறந்து, வந்ததை ஒரு பக்கமும் போனதை ஒரு பக்கமும் எழுதச் சொன்னேன். வென்ற நாட்கள் அனைத்தும் அவருக்குத் தேதியோடு நினைவிருந்தன. தோற்ற நாட்களுள் பெரும்பாலானவை நினைவில் இல்லை. தாள் நிறைந்தபோது அவர் முகம் வெளிறியது. நெடுநேரம் கழித்து, “இவ்வளவா ஐயா?” என்று மட்டும் கேட்டார். கயிற்றைப் பற்றி அதன்பின் அவர் பேசவே இல்லை. தந்தையிடம் சொல்ல வேண்டிய கடினமான சொற்கள் அவர் முன்னே இருந்தன. அவற்றைச் சொல்லும் நாளில் உடனிருப்பேன் என்று மட்டும் வாக்களித்தேன், அவ்வாறே இருந்தேன்.

இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2022இல் சட்டம் நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் அதற்கு ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுமைக்கும் விலக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இயற்றியது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் சட்டம் கடையை மூடும். மனத்தின் கதவை மூட அதனால் இயலாது.

அதற்கு வழி நளன் கதையிலேயே உள்ளது. கலி புகுந்ததால் சூதில் நாட்டை இழந்த நளன், தேரோட்டியாக இருதுபன்ன மன்னனிடம் பணிபுரிகிறான். வழியில் நின்ற தான்றிமரத்தின் இலைகளையும் கனிகளையும் மன்னன் பார்வையாலேயே கணக்கிட்டுக் கூறுகிறான். நளன் தேரை நிறுத்தி, எண்ணிப் பார்த்து, கணக்குச் சரியென்று கண்டு வியக்கிறான். தன் குதிரைக் கலையை மன்னனுக்குத் தருவதாகக் கூறி, அவனிடமிருந்து எண்ணும் கலையையும் கவற்றின் நுட்பத்தையும் பெறுகிறான். அந்தக் கணமே கலி அவனை விட்டு நீங்கித் தான்றிமரத்தில் ஒடுங்குகிறான் என்கிறது மாபாரதம். புகழேந்திப் புலவர் தம் வெண்பா நூலில் இப்பகுதிக்குரிய காண்டத்திற்குக் கலிநீங்கு காண்டம் என்றே பெயர் கொடுத்தார். கலியை ஓட்டியது தாயத்து அன்று; கணக்கு.

ஒட்டகத்தைக் கட்டிவைத்துவிட்டே இறைவனிடம் பொறுப்புச் சாட்ட வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குத் தந்த பாடம். ‘தவக்குல்’ என்னும் அந்த நம்பிக்கை, செய்ய வேண்டியதைச் செய்து முடித்தவனுக்கு உரியது. பிறர் பொருளுக்கு ஆசைப்பட்டவன் இறைவன் திருப்பெயரைக் கூட்டில் அடைத்துப் புயத்தில் கட்டிக்கொள்வது நம்பிக்கை அன்று. அப்பெயருக்குச் செய்யும் அவமதிப்பு.

சமுதாயப் பெரியோர்களே, கயிறு கேட்டு வரும் இளைஞனிடம், எதற்கு என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே, அவன் இழப்பை எழுதிப் பார்க்க ஒரு தாளும், அருகில் அமர ஒரு நாற்காலியும் கொடுங்கள். அன்பு மாணவர்களே, வென்றதை மட்டும் நினைவில் வைக்கும் மனத்தை நம்பாதீர்கள், தோற்றதையும் எண்ணுங்கள். எங்கள் தெருவில் எவரேனும் ஒருவர் அப்பெரியவருடன் அமர்ந்து எண்ணியிருந்தால், அந்த அம்மையாரின் கருகமணியில் சில பொன்மணிகளேனும் எஞ்சியிருக்கும். உழைத்து உண்ணும் உள்ளத்தையும், எண்ணித் துணியும் அறிவையும் எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக!