கிணற்றடி

மேட்டுப்பாளையத்தில் பவானியாற்றுக்கு அணித்தே பாக்குத் தோட்டங்கள் அடர்ந்து நிற்கும். நீலகிரியிலிருந்து இறங்கும் உருளைக்கிழங்கு மூட்டைகள் இவ்வூர் மண்டிகளில் விலைபோகும். அம்மண்டிகளில் மூட்டை சுமந்து வளர்ந்தவன் ஓர் ஈழத்து இளைஞன். 1990 ஆம் ஆண்டில் மீண்டும் போர் மூண்டபோது, ஆறு வயதுச் சிறுவனாகத் தாயின் கையைப் பற்றிக்கொண்டு படகேறி இராமேசுவரம் வந்தான். மண்டபம் முகாமில் சில நாள் தங்கியபின், தாயும் மகனும் மேட்டுப்பாளையத்தை அடுத்த முகாமுக்கு அனுப்பப்பட்டனர். அவன் பள்ளியிற் பயின்றதும், மலை இரயிலின் புகையைக் கண்டு களித்ததும் இங்கேதான். ஆயினும், ‘உன் ஊர் எது?’ என்று எவரேனும் வினவினால், ‘முகமாலை’ என்றே விடையிறுப்பான்.

முகமாலை, கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலையில், கிளிநொச்சி மாவட்டத்தில் உள்ள சிற்றூர். பனையும் தென்னையும் வளரும் மணற்பாங்கான நிலம். 2000 ஆம் ஆண்டு தொடங்கி ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் இரு படைகளும் அங்கே எதிரெதிரே அரண் அமைத்து நின்றன. இரு திறத்தாரும் தத்தம் அரணைக் காக்க மண்ணிலே வெடிகளைப் புதைத்தனர். 2009 மே திங்களில் போர் ஓய்ந்தது, படைகள் அகன்றன, புதைத்தவை அகலவில்லை. போர் முடிந்த செய்தியை மண்ணுக்குள் கிடக்கும் வெடி அறியுமோ? மேயவந்த பசுவும் விறகு பொறுக்கவந்த பெண்ணும் அதற்கு ஒன்றே.

தமிழகத்தார் இதனைக் கண்ணிவெடி என்பர். கண்ணியாவது பறவைக்கும் விலங்குக்கும் மறைத்து வைக்கும் சுருக்கு. ஆட்களின் காலடியில் வெடிக்கும் சிறியதனை ஈழத்தார் மிதிவெடி என்பர். சொல்லளவில் பின்னதே பொருத்தம். மிதித்தவனை அன்றி வேறு யாரையும் அது தேடுவதில்லை.

2012 இல் அவ்விளைஞன் தனியே ஊர் திரும்பினான். தாய் உடன் வரவில்லை. “நீ முன்னே போய் வளவைப் பார், தம்பி, பிறகு நான் வருகிறேன்,” என்றாள். அவனோ வளவுக்கு அருகேயும் செல்ல முடியவில்லை. மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை வழிமறித்தது. சில நாள் அப்பலகையின் முன்னே நின்று நின்று திரும்பியவன், இறுதியில் வெடி அகற்றும் குழு ஒன்றிற் சேர்ந்து பயிற்சி பெற்றான். போரிற் கணவரை இழந்த மகளிர் பலரும் அப்பணியில் இருந்தனர்.

பணியின் முறை இது: மார்புக் கவசமும் முகக்கவசமும் அணிந்து, ஒரு மீட்டர் அகலமுள்ள தடத்தில் முழந்தாளிட்டு முன்னேற வேண்டும். மிதிவெடிகள் பல பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றில் உலோகம் மிகச் சிறிது. ஆதலின் உலோகம் காட்டும் கருவியை முற்றும் நம்புதல் இயலாது. நீண்ட பற்களையுடைய வாரியால் மண்ணைக் குறித்த ஆழம்வரை மெல்ல வாரி வாரிப் பார்க்கின்றனர். மேலிருந்து அழுத்தினால் வெடிக்கும்; பக்கத்திலிருந்தே அணுகவேண்டும். வெயிலில் நாள் முழுதும் உழைத்தாலும் சில சதுர மீட்டரே தேறும். பாக்குத் தோட்டத்திற் களை எடுத்துப் பழகிய கைக்கு இந்த மெதுநடையே பெருந்துன்பமாயிற்று என்று அவன் சொல்வதுண்டு.

ஆள்கொல்லி வெடிகளை விலக்கும் உடன்படிக்கை 1997 இல் ஒட்டாவாவில் கையெழுத்தாயிற்று. இலங்கை அதில் 2017 இல் சேர்ந்தது. வெடிகளை அகற்றி முடிக்க 2028 வரை அதற்குத் தவணை கிடைத்தது.

ஞாயிறுதோறும் தாயும் மகனும் தொலைபேசியிற் பேசுவர். அவள் நினைவில் இருந்த வளவில் வெடி இல்லை. வேலியோரம் புளியமரம், வடக்கே கிணறு, துவைகல். “கிணற்றடி வரை வந்துவிட்டீர்களா, தம்பி?” என்பதே அவள் கேள்வி. “இன்னும் இல்லை, அம்மா.” ஆண்டுகள் இவ்வாறு சென்றன. பின்னர் ஒருநாள் அவன் குழுவினருக்கு அந்நிலப் பகுதியே ஒதுக்கப்பட்டது. புளியமரம் இல்லை. பனைகள் தலையிழந்து நின்றன. துவைகல்லைக் கண்டே அவன் இடத்தை அறிந்தான்.

“கிணறு இருக்கிறது, அம்மா.”

“தண்ணீர்?”

“தூர்ந்து கிடக்கிறது.”

தாய் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “கோடைக்கு முன்னே தூர் எடுத்துவிடு. நான் வருகிறேன்,” என்றாள்.

கிணற்றுக்குள்ளும் வெடி கிடக்கக்கூடும் என்பதை அவன் சொல்லவில்லை. மறுநாட் காலை கிணற்றைச் சுற்றிச் செந்நிறக் கோல்களை நட்டுவிட்டு, துவைகல்லின் அருகே முழந்தாளிட்டான்.