ஓய்வு என்னும் சொல்

1998 டிசம்பரில், 32 ஆண்டுகளுக்குப் பின், இந்திய ஹாக்கி அணி ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றது. அணித்தலைவர், புனே கட்கியில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த தன்ராஜ் பிள்ளை, வயது 30. அடுத்த தொடருக்கான அணியில் அவர் பெயர் இல்லை. மூத்த வீரர் சிலரோடு அவருக்கும் ஓய்வு அளிக்கப்பட்டது என்பதே அதிகாரபூர்வ விளக்கம். வசதிக் குறைவையும் ஊதிய நிலுவையையும் வெளிப்படையாகப் பேசியதற்கான தண்டனை என்றே பலரும் கருதினர்.

'ஓய்வு பெற்றார்' என்பதில் எழுவாய் அவரே. 'ஓய்வு அளிக்கப்பட்டது' என்னும் செயப்பாட்டு வினையிலோ அளித்தவர் மறைந்துவிடுகிறார். காரணமும் உடன் மறைகிறது.

ஆண்டாப் ஹில் மத்திய அரசு ஊழியர் குடியிருப்பில் வளர்ந்த எனக்கு ஓய்வு என்பது நாள் குறிக்கப்பட்ட ஒன்று. அப்பா ஓய்வு பெறும் மாதமும், அதன்பின் வீட்டைக் காலிசெய்ய வேண்டும் என்பதும் பல்லாண்டுகளுக்கு முன்பே தெரியும். வருத்தம் இருந்தது, அவமானம் இல்லை.

மூத்த வீரரை எந்த அணியும் என்றென்றும் வைத்துக்கொள்ள இயலாது. ஆனால் விலக்குவது அவர் கால் தளர்ந்ததாலா, வாய் திறந்ததாலா என்பதைத் தேர்வுக்குழு தன் பெயரில் சொல்ல வேண்டும். தன்ராஜ் அதன்பின்னும் 2000இல் சிட்னி, 2004இல் ஏதென்ஸ் என இரண்டு ஒலிம்பிக் ஆடினார். 1998இல் தளர்ந்திருந்தது அவர் கால் அன்று.