பீப்பாயில் ஒரு கீறல்

பாடசாலை மாணவர் படையணியில் இருந்த காலத்தில் என் கைக்கு வந்தது ஒரு பழைய லீ-என்பீல்ட் துப்பாக்கி. 1907இல் பிரித்தானியப் படை ஏற்றுக்கொண்ட வகை. சுட முடியாதபடி செய்யப்பட்டு, அணிவகுப்புக்கு மட்டுமே எஞ்சியிருந்தது. அதன் பீப்பாயில் விரல் நீளத்தில் ஒரு கீறலும் சில துருப்புள்ளிகளும் இருந்தன.

அவற்றை நீக்கிவிட வேண்டுமென்ற வேகம் எனக்கு. மணற்கடதாசியால் ஒரு மாலை முழுவதும் தேய்த்தேன். கீறல் மறைந்தது, கூடவே கருமையும் போயிற்று. மாரிக்காலம் வேறு, மறுநாட் காலையில், வெளுத்த உருக்கின்மீது செம்மஞ்சள் துரு பூத்திருந்தது.

களஞ்சியத்துக்குப் பொறுப்பாயிருந்தவர் ஓய்வுபெற்ற படைவீரரான ஒரு முதியவர். அவர் ஏசவில்லை. "தம்பி, அந்தக் கறுப்பு பூச்சில்லை, அதுவும் ஒரு துருதான்" என்றார். மெல்லிய துருவைப் படியவிட்டுக் கொதிநீரில் இட்டால் செந்துரு கருந்துருவாக மாறும். உதிர்வதைத் துலக்கிவிட்டு மீண்டும் மீண்டும் அதையே செய்தல் வேண்டும். ஒரு வாரம் அவரோடிருந்து செய்தேன். ஈற்றில் எண்ணெய் பூசியபோது பீப்பாய் புதிதுபோல் மினுங்கியது.

பெருமிதத்தோடு நின்ற என்னை, அதன் அடிப்பாகத்தைத் தடவிப்பார்க்கச் சொன்னார். அங்கே பொறித்திருந்த ஆண்டுக்குறி 17. ஏழின் மேற்கோடு என் தேய்ப்பில் அழிந்திருந்தது. இன்று வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் பயில்கிறேன். அன்றோ, இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்றே எண்ணினேன்.

அடுத்த ஆண்டு சேர்ந்த மாணவனொருவன், பதிவேட்டில் அதனை 1911 என்று குறித்தான். முதலாம் உலகப் போரின் நடுவில் உருவான பீப்பாய், போருக்கு முந்தியதாகிவிட்டது. நான் பக்கத்திலேதான் நின்றேன், திருத்தவில்லை.