பிள்ளைகள் பக்கம் – அக்கராயன் குறிப்புகள்

ஒக்டோபர் 1. சிறுவர் தினம். பொதுநோக்கு மண்டப வாசலில் பிள்ளைகள் வரிசையாக, வெயிலில். பிரதம விருந்தினர் முறிகண்டி தாண்டிவிட்டாராம். அரை மணித்தியாலமாகத் தாண்டிக்கொண்டே இருக்கிறார்.

மேடைக் கதிரைகளுக்கு மட்டும் வெள்ளைத் துணி உறை.

வரவேற்பு நடனப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொண்டு ஓடியவரின் பெயர் நிகழ்ச்சிநிரலில் இல்லை.

அவர் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர். பதவிப் பெயர் ஊர் வாயில் நுழையாது. "சிறுவர் அக்கா."

ஸ்கூட்டியை அவர் எந்த வீட்டுப் படலையடியிலும் விடுவதில்லை. சந்திக் கடையில் விட்டுவிட்டு நடை. ஏன் என்று கேட்டேன். "படலையில நிண்டா எந்த வீட்டில பிரச்சினை எண்டு பின்னேரத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்."

வீட்டுக்குள் போனால் பிள்ளையோடு கதைப்பதில்லை. கோழி, வாழைக்குலை விலை, குளத்தில் எத்தனை அடி தண்ணி. பிள்ளை தானாக வந்து கப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும்வரை இதுதான்.

கொப்பியில் பிள்ளைகளின் பெயர் கிடையாது. ஒரு எழுத்து, ஒரு இலக்கம். கொப்பி தொலைந்தாலும் பிள்ளை தொலையாது.

பாடசாலை மதிலில் பெரிதாக 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம். காசில்லாமல் எடுக்கலாம். வீட்டில் இருக்கிற ஒரே போன் தகப்பனின் சட்டைப் பையில்.

கட்டாயக் கல்வி வயதை 2016இல் பதினான்கிலிருந்து பதினாறாக்கினார்கள். மணல் ரிப்பருக்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் போய், வழியில் பொலிஸ் நிற்கிறதா என்று பார்த்துச் சொல்லும் பெடியனுக்குப் பதினைந்து. ஒரு இரவில் அவன் எடுப்பது, தாய் ஆடைத் தொழிற்சாலையில் ஒரு நாளில் எடுப்பதைவிடக் கூட.

அவன் வீட்டுக்குப் போனவர் வகுப்பாசிரியர். படிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. கரப்பந்து அணியில் ஒரு ஆள் குறையுது என்றாராம். திங்கள் வந்தான். செவ்வாய் இல்லை. புதன் வந்தான்.

ஜானுஸ் கோர்ச்சாக். வார்சோவில் அநாதை இல்லம் நடத்திய வைத்தியர். பிள்ளைகளுக்கென்று ஒரு நீதிமன்றம் வைத்திருந்தார், நீதிபதிகளும் பிள்ளைகள்தான். ஆறு மாதத்தில் ஐந்து தடவை தன்மேல் தானே வழக்கு வைத்துக் கூண்டில் ஏறினார். 1942 ஓகஸ்டில் பிள்ளைகளோடு ரெபிளிங்கா வதைமுகாமுக்குப் போனதைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்த ஐந்து வழக்குகள்தான் நினைவில் நிற்கின்றன.

நம் ஊர் அதிபர் ஒருவரைப் பிள்ளைகள் விசாரிப்பதாக யோசித்துப் பார்த்தேன். முடியவில்லை.

காந்தியம் அமைப்பு, வவுனியா. வைத்தியர் இராஜசுந்தரம், கட்டடக் கலைஞர் டேவிட். 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்ட சனத்தைக் குடியேற்றினார்கள். கிராமத்துப் பெண்பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுத்து முன்பள்ளி ரீச்சர்மார் ஆக்கினார்கள். வெளியிலிருந்து ஆள் இறக்கவில்லை.

இராஜசுந்தரத்தை 1983 யூலை 27இல் வெலிக்கடைச் சிறைக்குள் கொன்றார்கள். டேவிட் தப்பினார். பல பத்தாண்டு சென்னையில். 2015இல் திரும்பி வந்து, அதே ஆண்டு ஒக்டோபரில் கிளிநொச்சியில் காலமானார். வயது 91.

பிந்திய முன்பள்ளி. போருக்குப் பிறகு வன்னியில் ஒரு தொகுதி ரீச்சர்மாருக்குச் சம்பளம் கொடுத்தது சிவில் பாதுகாப்புத் திணைக்களம். பாதுகாப்பு அமைச்சின் கீழ் உள்ளது. மற்றவர்களுக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுப்பனவுதான். ஒரே ஊர், அதே அ, ஆ. அந்தச் சம்பளத்துக்குப் போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கொடுத்தவர்களைப் பற்றி வரும்.

2003 யூன். போரால் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்கான செயற்றிட்டம். அரசும் புலிகளும் இணங்கினார்கள். ஒக்டோபரில் கிளிநொச்சியில் இடைத்தங்கல் நிலையம், யுனிசெப்பும் தமிழர் புனர்வாழ்வுக் கழகமும் சேர்ந்து. விடுவிக்கப்படும் பிள்ளைகளுக்கு. கட்டில்கள் கூட, பிள்ளைகள் குறைவு. ஒரு வாசலால் விட, இன்னொரு வாசலால் சேர்ப்பு நடந்தது.

இதை ஊரில் இன்றும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். நானும்.

கல்யாணம் கட்டினால் புலிகள் பிடிக்கமாட்டார்கள் என்று பதினாறில், பதினேழில் கட்டி வைத்தார்கள். பதிவு இல்லை. பிறகு பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் ஒரு கூடு இருந்தது: பெற்றோர் விவாகம் செய்தவர்களா?

நடமாடும் சேவையில் பார்த்தது. அந்தக் கேள்விக்கு வந்ததும் எழுதுவினைஞர் பேனையை நீட்டினார். "இதை நீங்களே நிரப்புங்கோ தங்கச்சி." தலையைத் திருப்பிக்கொண்டு விசிறியைப் பார்த்தார். விசிறி சுற்றவில்லை.

2008 செப்ரெம்பர். கிளிநொச்சி ஐ.நா. அலுவலக வாசலில் சனம், போகவேண்டாம் என்று. 16ஆம் திகதி வாகனங்கள் போயின.

போரில் ஓடும்போது இடாப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போன ஒரு அதிபரைப் பற்றிச் சொல்கிறார்கள். மேசை, கதிரை, கோப்பு எல்லாம் விட்டுவிட்டு. இடம்பெயர்ந்த இடத்தில் மரத்தடியில் பெயர் கூப்பிட்டாராம். பதில் வராத பெயர்களுக்கு நேரே புள்ளி. சிவப்புக் கோடு போடவில்லை.

2009 ஓகஸ்டில் இடம்பெயர்ந்தோர் முகாம்களுக்குள் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை நடந்தது. முள்வேலிக்கு உள்ளே.

அடுத்த மாதம் யுனிசெப் பேச்சாளர் ஜேம்ஸ் எல்டரை நாட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். பிள்ளைகள் காயப்பட்டதைச் சொன்னவர்.

1919, இலண்டன். எக்லன்டைன் ஜெப் துண்டுப்பிரசுரம் கொடுத்துக் கைதானார். பட்டினி கிடந்த ஆஸ்திரியப் பிள்ளைகளின் படம், அதாவது எதிரியின் பிள்ளைகள். அபராதம் 5 பவுண். அவருக்கு எதிராக வாதாடிய வழக்கறிஞரே அந்தத் தொகையைத் தன் பையிலிருந்து கொடுத்தார். "பிள்ளைகளைக் காப்போம்" நிதிக்கு முதல் காசு அதுதான் என்பார்கள்.

போர் முடிந்ததும், புலிகளில் இருந்தவர்கள் என்று புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்ட சிறுவர்கள் 594 பேர். 2010 மே மாதத்துக்குள் விட்டார்கள். ஒருத்தியை இங்கே தெரியும். இப்போது இரண்டு பிள்ளைகள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கடைசி வாங்கு. பேசவே மாட்டார். பிள்ளைக்கு அடிக்கிற கதை வந்தால் மட்டும் எழும்புவார்.

வவுனியா. 2009 முடியும் நேரம், அரச அதிபரின் கீழ் யுனிசெப் உதவியோடு குடும்பங்களைத் தேடிச் சேர்க்கும் பிரிவு. பிள்ளையைத் தேடி வந்த விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கில். கண்டுபிடித்துச் சேர்த்தது கொஞ்சம். சில தாய்மார் 2017இலிருந்து கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் போராட்டத்தில் இருந்தார்கள்.

சிறுவர் கழகக் கூட்டம். தலைவிக்குப் பதின்மூன்று. அறிக்கையில் மூன்று விடயம். கரப்பந்து வலை வேண்டும். பருவச்சீட்டுக் காட்டினால் பஸ் நிற்கவேண்டும். பெரியாக்கள் கூட்டத்தில் குறைவாகக் கதைக்கவேண்டும்.

மேலே போன பிரதியில் இரண்டுதான் இருந்தது. தலைவி அக்காவிடம் கேட்டாள், மூன்றாவதை வெட்டினது ஆர்? அக்கா, "நான்தான்." "ஏன்?" அக்காவிடம் பதில் இல்லை. அடுத்த கூட்ட அறிக்கையில் அது முதலாவதாகப் போயிருக்கிறது, அவரது கையெழுத்தோடு.

வலை வந்துவிட்டது. பஸ் நிற்பதில்லை.