செல்லைப் பார்த்து நிறுத்து

பாளையங்கோட்டையில் சித்திரை வெயில் ஏறிவிட்டால் திசுவைப் பதித்த பாரஃபின் மெழுகு பிளாக், மைக்ரோடோம் என்ற சீவும் கருவியின் கத்திக்குக் கட்டுப்படாது. மெழுகு இளகி, சீவல் நசுங்கிச் சுருங்கும். நான் வேலை படித்த ஆய்வுக்கூடத்தில் காலையில் முதல் வேலையே ஐஸ் தட்டை நிரப்புவதுதான். "குளுந்தாத்தாம்லே கத்திக்குக் கேக்கும்" என்பார் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அண்ணாச்சி.

வெட்டுவது எலியின் மூளை. மனித மூளைத் திசுவுக்கு 1995-இல் தொடங்கிய பெங்களூரு நிம்ஹான்ஸ் மூளை வங்கி போன்ற இடங்களை நாட வேண்டும், எங்களுக்கு எலிதான். நான்கு மைக்ரான் கனத்தில் சீவல்கள் ஒட்டி ஒட்டி ரிப்பனாக வரும். ஈரப் பிரஷால் நுனியைத் தாங்கி வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, சுருக்கம் விரிந்ததும் ஸ்லைடைச் சாய்த்து ஏந்த வேண்டும். மூச்சுக்காற்று பட்டாலே ரிப்பன் பறக்கும். அதனால் மின்விசிறி கிடையாது. திருநெல்வேலியில் அது தனித் தவம்.

நாங்கள் தேடியது கால்பிண்டின் என்ற புரதத்தை. 1966-இல் வாசர்மனும் டெய்லரும் கோழிக்குஞ்சின் குடலில் கண்டது. மூளையிலும் அது உண்டு என்பது பிறகு தெரிந்தது. நரம்புச் செல் ஒவ்வொரு முறை தூண்டப்படும்போதும் கால்சியம் உள்ளே பாய்கிறது. செய்தி கடத்துவதும் அதுதான், மிஞ்சி நின்றால் செல்லைச் சாகடிப்பதும் அதுதான். மிகுதியைக் கால்பிண்டின் பிடித்துவைத்து மெல்ல விடும், கார்த்திகை வெள்ளத்தை நெல்லைக் கால்வாய் வழியாக வாங்கித் தேக்கும் நயினார்குளம் மாதிரி.

ஸ்லைடைச் சிட்ரேட் பஃபரில் சூடேற்றி, கால்பிண்டினோடு ஒட்டும் முதல் ஆன்டிபாடியை விட்டு, ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைப்போம். மறுநாள் நிறமேற்றும் கரைசலைச் சொட்டியதும் சிறுமூளையின் புர்கின்யே செல்கள் வரிசையாகப் பழுப்பாகும். பின்னணியும் பழுக்கும் முன் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். "மணியப் பாக்காதல, செல்லப் பாரு." கூடவே அந்த முதல் ஆன்டிபாடி படாத ஒரு ஸ்லைடும் போகும். அதிலும் பழுப்பு வந்தால் மொத்தமும் குப்பை.

நடுமூளைதான் கடினமான பாடம். நடுக்குவாதத்தில், அதாவது பார்க்கின்சன் நோயில், டோபமைன் செல்கள் சாகின்றன. அவற்றில் கால்பிண்டின் உள்ளவை ஒப்பளவில் அதிகம் தப்பியிருப்பதை 1990-இல் யமடா குழு காட்டியது. அப்படியானால் காத்தது கால்பிண்டின் என்று நானும் துள்ளினேன். அண்ணாச்சி 1997 ஆய்வு ஒன்றைக் கையில் கொடுத்தார். கால்பிண்டினே இல்லாமல் வளர்த்த சுண்டெலிகளுக்கு நஞ்சு கொடுத்தும் டோபமைன் செல்கள் கூடுதலாகச் சாகவில்லை. பின்னாளில், வைரஸ் வழியே அந்தப் புரதத்தைக் கூடுதலாக ஏற்றிய விலங்குகளில் செல்கள் தப்பியதும் பதிவாகியிருக்கிறது. இயல்பாக இருப்பது எவ்வளவு கைகொடுக்கிறது என்பது இன்னும் தகராறுதான்.

அதனால் பதிவேட்டில் 'காக்கப்பட்டது' என்று எழுத அண்ணாச்சி விடமாட்டார். பழுப்பு இல்லையென்றால் 'செத்தது' என்றும் எழுதக்கூடாது. செல் உயிரோடிருக்க, புரதம் மட்டும் வற்றியிருக்கலாம். ஹீமடாக்சிலின் நீலத்தில் உட்கரு தெரிகிறதா என்று தேடி, நிறம் பிடித்தவை இத்தனை, பிடிக்காதவை இத்தனை என்று இரண்டு பத்தியில் எண்ணிக்கை போட வேண்டும்.