மலையேறிய கற்கள்

தமிழ்த்துறை மலரில் பனிப்பாறைக்கு என்ன வேலை என்று வினவுவோர் உளராகலாம். இலக்கியம் பயில்வோராகிய நாம் நாள்தோறும் செய்யும் பணி யாது? கிடைத்த ஓலையையும் கல்வெட்டையும் துணைக்கொண்டு, கண்ணாற் காணாத காலத்தை அறிய முயல்கிறோம். நிலவியல் அறிஞர் செய்வதும் அதுவே. அவர்க்குப் பாறையே ஓலை; அதன்மேல் விழுந்த கீறலே எழுத்து. அவ்வெழுத்தை அவர்கள் எத்துணைப் பொறுமையோடு படித்தனர் என்பதை ஒரு சிறு தீவின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையே, ஐரிஷ் கடலில் அமைந்திருப்பது மேன் தீவு. பரப்பளவு 572 சதுர கிலோமீட்டர். அதன் உயர்ந்த சிகரமாகிய ஸ்னேஃபெல் 621 மீட்டர் உயரமே உடையது. அத்தீவில் நாம் கால் வைத்ததில்லை. கல்லூரி நூலகத்தில் வேறொரு நூலைத் தேடியபோது கைக்கு வந்த நிலவியல் நூலொன்றின் வாயிலாகவே அதனை முதலில் அறிந்தோம். அன்று படித்த செய்தி ஒன்று இன்றளவும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

அத்தீவின் தென்பகுதியில் சவுத் பருல் என்னும் மலை உள்ளது. உயரம் 483 மீட்டர். சிலேட்டுப் பாறையால் ஆகிய மலை அது. ஆயின் அதன் உச்சியை அடுத்த சரிவுகளிற் கருங்கற் குண்டுகள் கிடக்கின்றன. அக்கருங்கல்லின் பிறப்பிடமோ மலையின் கீழ்ப்புறத்தே, தாழ்வான ஃபாக்ஸ்டேல் பகுதியில் உள்ளது. மலையிலிருந்து கல் உருண்டு கீழே வருதல் இயல்பு. கீழிருந்த கல் மேலே ஏறியது எங்ஙனம்?

அத்தீவின் கல்லூரியொன்றில் ஆசிரியராய் விளங்கிய ஜோசஃப் ஜார்ஜ் கம்மிங் 1840களில் இக்கற்களை ஆராய்ந்து எழுதினார். தாழ்ந்த இடத்திலிருந்து உயர்ந்த இடத்திற்குச் சென்ற பாறைகளைப் பற்றி சார்லஸ் டார்வின் 1848இல் ஒரு கட்டுரை வரைந்தார். நிலம் சிறிது சிறிதாகக் கடலுள் தாழ, கரையோரத்து மிதக்கும் பனிக்கட்டிகள் கற்களை ஆண்டுதோறும் சற்றே மேலே தள்ளின என்பது அவர் கொண்ட விளக்கம். அது ஆதாரமற்ற கற்பனை அன்று. தீவின் வடபகுதிக் களிமண்ணில் உடைந்த கடற்சிப்பிகள் கலந்திருந்தன. சிப்பி உள்ள இடத்திற் கடல் இருந்திருக்க வேண்டும் என அக்காலத்தார் கருதியது இயல்பே.

ஆயினும் விடை வேறாயிற்று. சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் லூயி அகாசி, முற்காலத்திற் பெரும்பனி நிலத்தை மூடியிருந்தது என்னும் கொள்கையை 1837இல் முன்வைத்தார். அது முழுமையாக ஏற்கப்படப் பல ஆண்டுகள் ஆயின. மேன் தீவை நுணுகி அளந்த லாம்ப்ளு என்பார் 1903இல் வெளியிட்ட நூலில், தீவின்மேல் ஊர்ந்து சென்ற நிலப்பனியே இவற்றுக்கெல்லாம் காரணம் எனக் காட்டினார்.

தட்டின் நடுவே ஊற்றிய கெட்டிக் கூழ் தன் எடையாலேயே நாற்புறமும் பரவும். வழியில் ஒரு கடலை கிடந்தால் அதன்மேலும் ஏறிச் செல்லும். பெரும்பனியும் அத்தகையதே. தன் மேற்பரப்பு எப்பக்கம் சரிந்துள்ளதோ அப்பக்கம் அது நகரும். அடியில் மேடா, பள்ளமா என்று பார்ப்பதில்லை. 20,000 ஆண்டுகட்கும் முன்னர், ஸ்காட்லாந்தில் திரண்ட பனி ஐரிஷ் கடற்படுகையைச் சுரண்டிக்கொண்டு தெற்கே வந்து, தீவின் சிகரத்தையும் மூடிற்று. கருங்கல் மலையேறியது அதனால்தான். சிப்பிகளும் கடலோடு வந்தவை அல்ல. கடலடியிலிருந்து பனி வாரிக்கொண்டு வந்தவை. இதற்குச் சான்றாக ஸ்காட்லாந்தை அடுத்த எய்ல்சா கிரெய்க் என்னும் பாறைத் தீவுக்கே உரிய கல்வகை மேன் தீவிலும் கிடைக்கிறது. பின்வாங்கிய பனி இடையில் மீண்டும் முன்னேறி, வடக்கே மணலையும் சரளையையும் குவித்தது. அக்குவியலே பிரைட் குன்றுகள். இன்று கடலலைகள் அக்கரையை அரித்து வருகின்றன.

பனி விலகியபின் அங்குப் பெருங்கொம்புடைய மான்கள் மேய்ந்தன. பலாஃப் என்னும் ஊரில் 1819இல் கிடைத்த மானின் எலும்புக்கூடு எடின்பரோ அருங்காட்சியகத்தில் உள்ளது. பனியுகம் முடிந்த பின்னரும் அம்மான் இத்தீவில் வாழ்ந்தது என 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக்கட்டுரை அறிவித்தது. 2004இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, எலும்பின் காலத்தை மீண்டும் கணித்து, அது முன்பு எண்ணியதினும் பழையது எனக் கூறியது. பனியுகத்திற்குப் பின்னும் அவ்வினம் பிழைத்திருந்த இடம் சைபீரியப் பகுதியே என நிறுவியது. இரண்டு கட்டுரைகளிலும் பங்குகொண்டவர் ஏட்ரியன் லிஸ்டர் என்னும் ஒரே அறிஞர். தாம் சொன்னதைத் தாமே திருத்தினார். அதனால் அவர் புகழ் குறையவில்லை.

இச்செய்தி நமக்கும் தொடர்புடையதே. பனியுகத்தின் உச்சத்தில் உலகக் கடல்மட்டம் இன்றினும் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. நம் கரையும் இலங்கையும் அந்நாளில் நிலத்தால் இணைந்திருந்தன. பனி உருகக் கடல் உயர்ந்தது, நிலம் மறைந்தது. இதைச் சொன்னவுடன் வகுப்பில் மாணவர் சிலர் முகம் மலர்வதைக் கண்டிருக்கிறோம். இறையனார் களவியல் உரை கூறும் கடல்கோளும் சங்கங்களும் மெய்ப்பிக்கப்பட்டன என்பது அவர்தம் மகிழ்ச்சி.

அம்மகிழ்ச்சியை நாம் இகழ்வதில்லை. மொழிப்பற்று இல்லாதவன் தமிழ் கற்று என்ன பயன்? ஆனால் அவர்களுக்கு ஒன்று சொல்வோம். கடல் உயர்ந்தது என்பதற்குச் சான்று உண்டு. அக்கடலடியில் ஒரு சங்கம் இருந்தது என்பதற்கு இதுவரை இல்லை. முன்னதைக் காட்டிப் பின்னதை நிறுவுதல், சிப்பியைக் காட்டிக் கடல் மலையேறியது என்பதை ஒக்கும். நம் மொழியின் தொன்மைக்குக் கல்வெட்டும் பாட்டும் அகழாய்வுப் பொருளும் சான்று பகர்கின்றன. அவை போதாவென்று அஞ்சுவோர்க்கே இல்லாத சான்று தேவைப்படும்.

சவுத் பருல் மலையின் கருங்கல் தான் வந்த வழியைத் தன் இனத்தாலும் இருப்பிடத்தாலும் காட்டி நிற்கிறது. அதனை முழுமையாகப் படித்தறிய அறிவுடையோர்க்கே அரை நூற்றாண்டு பிடித்தது. நம் ஏடுகளையும் அத்துணைப் பொறுமையோடு படிப்போமாக.